அத்தியாயம் 6: பொயின்டுகளுக்கு வயர் போடுதல்

தண்டவாளம் பதித்தாயிற்று. கண்ட்ரோலரிலிருந்து இரண்டு வயரை இழுத்துக் கொடுத்ததும் என்ஜின் ஓடுகிறது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பொயின்டை வைத்ததும் நிலைமை மாறுகிறது. என்ஜின் அதன்மேல் ஏறி நடுவில் நின்றுவிடுகிறது. இல்லாவிட்டால் கண்ட்ரோலரில் சிவப்பு விளக்கு எரிந்து மொத்தப் பாதையும் அடங்கிப்போகிறது. மாதிரி ரயில் கட்டத் தொடங்கியவர்கள் மனம் சோர்ந்து பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவது அநேகமாக இந்தக் கட்டத்தில்தான். காரணம் புரிந்துவிட்டால் ஒரு சிறிய சுவிட்சும் மூன்று வயரும் போதும். அதனால் இந்த அத்தியாயத்தை மட்டும் அவசரப்படாமல் வாசியுங்கள். ஒரு முறைக்கு இரண்டு முறை வாசித்தாலும் நல்லது.

நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம் கொட்டகலை. ஹட்டனை விட்டு சிங்கமலைச் சுரங்கத்தைத் தாண்டினால் வரும் ஸ்டேஷன். மலையகப் பாதை நாவலப்பிட்டிக்கு 1874லும் நானுஓயாவுக்கு 1885லும் வந்து சேர்ந்தது. ரம்புக்கனைக்கு மேலே இன்றைக்கும் ஒற்றைப் பாதைதான். எதிரெதிரே வரும் இரண்டு கோச்சிகள் ஒன்றையொன்று கடக்க வேண்டுமென்றால் ஏதாவது ஒரு ஸ்டேஷனின் லூப்பில் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டும். கொட்டகலையில் இன்னொன்றும் உண்டு: கொலன்னாவையிலிருந்து டாங்கி வேகன்களில் வரும் எரிபொருளை இறக்கும் களஞ்சியம். ஆகவே மெயின் பாதை, லூப், எண்ணெய்க் களஞ்சியத்துக்குப் போகும் கிளைப் பாதை என்று மூன்று தடங்கள், மூன்று பொயின்டுகள். உண்மையான யார்டை அப்படியே எடுக்கவில்லை. பழகுவதற்கு ஏற்றபடி குறைத்திருக்கிறேன். எட்டடி ப்ளைவுட்டை நீளவாக்கில் அறுத்தால் ஒன்றரை அடி அகலப் பலகையில் இது முழுவதும் அடங்கும்.

பொயின்டுக்குள் என்ன நடக்கிறது

ஹட்டன் பக்கம் நின்று தலவாக்கலையைப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது தண்டவாளத்துக்கு சிவப்பு வயர், வலது தண்டவாளத்துக்குக் கறுப்பு வயர். லூப் உங்களுக்கு வலப்பக்கம் இருக்கிறது. இந்த அத்தியாயம் முழுக்க இதே திசை, இதே நிறம்.

ஒரு பொயின்டில் வெளிப்பக்கம் இரண்டு தண்டவாளங்கள் அசையாமல் இருக்கும். உள்ளே இரண்டு கூர்மையான நாக்குகள் ஒன்றாக அசையும். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் தன் பக்கத்து வெளித் தண்டவாளத்தோடு ஒட்டும். நாக்குகளுக்குப் பின்னால், மெயினின் வலது தண்டவாளமும் லூப்பின் இடது தண்டவாளமும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கூம்பு போன்ற ஒரு முனை இருக்கிறது. பொயின்ட் பெட்டியில் இதை ஃப்ரொக் என்று அச்சிட்டிருப்பார்கள். நான் கிராசிங் முனை என்றே எழுதுகிறேன்.

சிக்கல் முழுவதும் அந்த முனையில் இருக்கிறது. ரயில் மெயினில் நேரே போகும்போது முனை வலது தண்டவாளத்தின் ஒரு பகுதி, ஆகவே அது கறுப்பாக இருக்க வேண்டும். லூப்புக்குத் திரும்பும்போது அதே முனை லூப்பின் இடது தண்டவாளமாகிவிடுகிறது, ஆகவே சிவப்பாக இருக்க வேண்டும். ஒரே உலோகத் துண்டு, இரண்டு வேலை. பொயின்ட் திரும்பும் ஒவ்வொரு தடவையும் முனையின் துருவமும் கூடவே மாற வேண்டும். மாறாமல் நின்றால் ஷோர்ட், அதாவது குறுஞ்சுற்று.

இதற்கு உற்பத்தியாளர்கள் இரண்டு வழி கண்டுபிடித்தார்கள். முதலாவது, முனையைப் பிளாஸ்டிக்கால் செய்து அதற்கு மின்சாரமே கொடுக்காமல் விடுவது. இங்கிலாந்தின் பெக்கோ நிறுவனம் இதை இன்சல்ஃப்ரொக் என்று விற்கிறது. ஷோர்ட் பயம் குறைவு. ஆனால் முனையைத் தாண்டும்வரை சில மில்லிமீற்றர் தூரம் சக்கரத்துக்கு மின்சாரம் கிடையாது. எம்6 போன்ற நீண்ட டீசல் என்ஜினுக்குப் பல சக்கரங்களிலிருந்து மின்சாரம் கிடைப்பதால் அது சமாளித்துக்கொள்ளும். குட்டி ஷண்டிங் என்ஜின் மெதுவாக வந்தால் அங்கேயே நின்றுவிடும். இரண்டாவது, முனையையும் உலோகத்திலேயே செய்து அதற்கு உயிர் கொடுப்பது. எலக்ட்ரோஃப்ரொக் என்பது இந்த வகை. பின்னர் வந்த யுனிஃப்ரொக் இரண்டுக்கும் பொது: முனைக்கு வயர் கொடுக்காமலும் விடலாம், கொடுத்தும் ஓட்டலாம்.

என் பரிந்துரை தெளிவானது: உயிருள்ள முனையையே வாங்குங்கள். எஸ்டேட் மாதிரியில் வேகத்துக்கு என்ன வேலை? கோச்சி மெல்ல ஊர்ந்து ஏறுவதுதான் நம் பாதையின் அழகு. அந்த ஊர்தலுக்கு இடைவெளியில்லாத மின்சாரம் வேண்டும்.

குறுகிய பாதை கட்ட நினைப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை 1903-04ல் போடப்பட்டு 1940களில் மூடப்பட்ட பாதையின் அகலம் இரண்டரை அடி, அதாவது 762 மில்லிமீற்றர். 87ல் ஒன்று என்று குறைத்தால் 8.76 வருகிறது, கடையில் கிடைக்கும் 9 மில்லிமீற்றர் தண்டவாளம் ஏறக்குறையச் சரியாகப் பொருந்துகிறது. நம் அகலப் பாதைக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. 1676 மில்லிமீற்றரை அதே அளவில் குறைத்தால் 19.3 வரவேண்டும், எல்லோரும் ஓட்டுவதோ 16.5. அழிந்துபோன அந்த இராகலைப் பாதையை யாராவது ஒரு மேசைமேல் மறுபடி ஓடவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆனால் அந்தச் சின்ன என்ஜின்களுக்கு உயிரற்ற முனை ஒத்தே வராது.

நாக்கை நம்பாதீர்கள்

எலக்ட்ரோஃப்ரொக் பொயின்டைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே பதித்தாலும் ஓடும். நாக்கு எந்த வெளித் தண்டவாளத்தைத் தொடுகிறதோ அந்தத் துருவம் நாக்கு வழியாக முனைக்குப் போகும். நேரே விட்டால் வலது நாக்கு வலது தண்டவாளத்தைத் தொடும், முனை கறுப்பாகும். திருப்பினால் இடது நாக்கு இடதைத் தொடும், முனை சிவப்பாகும். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் முழு மின்சாரமும் ஊசி முனை அளவு உலோகம் இன்னொரு உலோகத்தில் உரசும் அந்த ஒரே இடத்தில் தொங்குகிறது. கொழும்பில் ஏசி அறையில் வைத்திருப்பவருக்கு அது சில வருடம் தாங்கலாம். வட்டவளையிலும் கினிகத்தேனையிலும் மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை பெய்யும் மழையில், சுவரே வியர்க்கும் வீட்டில், அது தாங்காது. தண்டவாளத்தின் நிக்கல் சில்வர் உலோகத்தில் மங்கலான படலம் பிடிக்கும். அதன்மேல் விறகடுப்புப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் சேரும். நாக்கு ஒட்டினாற்போல் கண்ணுக்குத் தெரியும், மின்சாரம் போகாது.

இதற்குத் தீர்வு முனைக்கென்று தனியாக ஒரு சுவிட்ச். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களுக்கு இது புதிதல்ல. வாட்டும் தொட்டியின் காற்றாடி மோட்டாருக்குப் போடும் கொன்டாக்டரைப் பாருங்கள். பெரிய தொடுமுனைகள் மூடும்போது பக்கத்தில் உள்ள சின்னத் துணைத் தொடுமுனையும் கூடவே மாறி, மோட்டார் ஓடுகிறது என்று விளக்குக்குச் சொல்கிறது. பொயின்டிலும் அதே ஏற்பாடு: நாக்கை நகர்த்தும் அதே அசைவு ஒரு சுவிட்சையும் நகர்த்த வேண்டும், முனைக்கு மின்சாரம் அந்த சுவிட்ச் வழியாக மட்டுமே போக வேண்டும்.

சுவிட்ச் ஒரு பொதுக்கால், இரண்டு மாற்றுக்கால் உள்ள வகை. பொதுக்காலிலிருந்து வரும் வயர் முனைக்கு. ஒரு மாற்றுக்கால் சிவப்புக்கு, மற்றது கறுப்புக்கு. மூன்று வயர், அவ்வளவுதான். நம் கொட்டகலையில் மூன்று பொயின்டுக்கும் ஒரே விதி: நேரே விட்டால் முனை கறுப்பு, விலக்கினால் முனை சிவப்பு. தலவாக்கலைப் பக்கப் பொயின்ட் எதிர்த்திசையில் திரும்பியிருந்தாலும் கணக்கு அதேதான். ஒரு காகிதத்தில் இரண்டு நிறப் பேனாவால் வரைந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் நிச்சயமாகிவிடும். வரையாமல் வயரில் கை வைக்காதீர்கள்.

டிசிசி, அதாவது டிஜிட்டல் கட்டளை முறையில் ஓட்டப்போகிறவர்கள் இன்னும் ஒரு படி போக வேண்டும். எலக்ட்ரோஃப்ரொக் பொயின்டில் ஒட்டாமல் விலகி நிற்கும் நாக்கு, தன் பக்கத்து வெளித் தண்டவாளத்துக்கு எதிர்த்துருவத்தில் இருக்கும். அகலம் தவறிய சக்கரத்தின் முதுகு அந்த நாக்கில் பட்டால் கண நேர ஷோர்ட். சாதாரண கண்ட்ரோலர் அதைப் பொருட்படுத்தாது, டிசிசி உடனே மொத்தப் பாதையையும் நிறுத்திவிடும். பொயின்டைத் திருப்பிப் பாருங்கள். நாக்குகளையும் முனையையும் இணைக்கும் இரண்டு மெல்லிய கம்பிகள் பெரும்பாலும் அடியில் தெரியும். அவற்றை வெட்டிவிட்டு, ஒவ்வொரு நாக்கையும் அதனதன் வெளித் தண்டவாளத்தோடு ஒரு துண்டு வயரால் நிரந்தரமாக இணைத்துவிட வேண்டும். பலகையில் பதிக்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை.

பிளாஸ்டிக் ஜொயினர் எங்கே

முனைக்கு உயிர் கொடுத்துவிட்டால் முனையிலிருந்து புறப்படும் இரண்டு உள் தண்டவாளங்களையும் மற்றப் பாதையிலிருந்து பிரிக்க வேண்டும். உலோக ஜொயினருக்குப் பதிலாக அங்கே பிளாஸ்டிக் ஜொயினர். பொயின்ட் ஒன்றுக்கு இரண்டு. வெளித் தண்டவாளங்களுக்கு வழக்கமான உலோக ஜொயினர்.

லூப்பில் இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? ஹட்டன் பக்கப் பொயின்டை லூப்புக்கும் தலவாக்கலைப் பக்கப் பொயின்டை மெயினுக்கும் வைத்துப் பாருங்கள். ஒரு பக்க முனை சிவப்பு, மறுபக்க முனை கறுப்பு, இரண்டையும் மெயினின் வலது தண்டவாளம் நேராக இணைத்துவிடுகிறது. ரயிலே இல்லாமல் ஷோர்ட். “நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை” என்று புலம்ப வைப்பது பெரும்பாலும் இந்த ஜொயினர்தான், ஏனெனில் இரண்டு பொயின்டும் ஒரே பக்கம் திரும்பியிருக்கும்வரை தவறு வெளியே தெரியாது.

பிரித்த தண்டவாளங்களுக்குத் தனித்தனியே கீழிருந்து மின்சாரம் கொடுக்க வேண்டும். முனைகளுக்கு நடுவே அகப்பட்ட மெயினின் வலது தண்டவாளத்துக்கு ஒரு கறுப்பு வயர். லூப்பின் இடது தண்டவாளத்துக்கு ஒரு சிவப்பு வயர்; இதை ஒரு சாதாரண ஒன்-ஓஃப் சுவிட்ச் வழியாகக் கொண்டுவாருங்கள். அந்த சுவிட்சை அணைத்தால் லூப்பில் நிற்கும் ரயில் அசையாது. மெயினில் எதிர்க் கோச்சி கடந்துபோகும்வரை அது காத்திருக்கும், உண்மையான கொட்டகலையில், அடுத்த ஸ்டேஷன்வரை போக அனுமதிக்கும் டெப்லட் கைக்கு வரும்வரை டிரைவர் காத்திருப்பதைப் போல. டிசிசிக்கு இந்த சுவிட்ச் தேவையில்லை.

எண்ணெய்ப் பாதை லூப்பிலிருந்து வலப்பக்கம் பிரிகிறது. அதன் இடது தண்டவாளம் முனைக்கு அப்பால் தனித்துவிடும். அதற்கும் ஒரு சிவப்பு வயர் வேண்டும். அந்த வயரை எண்ணெய்ப் பொயின்டின் சுவிட்சிலேயே இரண்டாவது வரிசைக் கால்கள் வழியாக எடுத்தால், பொயின்ட் களஞ்சியத்தை நோக்கித் திரும்பியிருக்கும்போது மட்டும் அந்தப் பாதை உயிர்பெறும். வழி வைக்காத பாதையில் என்ஜின் நகரவே முடியாது. உண்மையான ஸ்டேஷனிலும் பொயின்ட் சரியாகத் திரும்பிப் பூட்டாமல் கைகாட்டி இறங்காதபடி லீவர்களைப் பிணைத்திருக்கிறார்கள். அந்த ஒழுங்கு உங்கள் பலகைக்கும் வந்துவிடுகிறது.

நாக்கை நகர்த்துவது

மோட்டார் இல்லாமலே தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும். ஆறு கால் உள்ள ஸ்லைட் சுவிட்ச் ஒன்றை எடுங்கள். அதன் குமிழில் 1 மில்லிமீற்றர் துளை போடுங்கள். 0.8 மில்லிமீற்றர் எஃகுக் கம்பியின் ஒரு நுனியை மடக்கி அந்தத் துளையில் விடுங்கள், மறு நுனியைப் பொயின்டின் அசையும் குறுக்குச் சட்டத்தின் துளையில் விடுங்கள். கம்பியின் நடுவில் மூக்குக் குறடால் அரைவட்டமாக ஒரு வளைவு கொடுங்கள். சுவிட்ச் நகரும் தூரம் பொயின்டுக்குத் தேவையான தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். மிச்சத்தை அந்த வளைவு விழுங்கிக்கொண்டு நாக்கை வெளித் தண்டவாளத்தோடு அழுத்தியும் பிடிக்கும். வளைவு இல்லாவிட்டால் குறுக்குச் சட்டம்தான் முறியும். விரலால் குமிழைத் தள்ளினால் நாக்கும் மாறும், முனையின் துருவமும் மாறும். முதல் வரிசைக் கால்கள் முனைக்கு, இரண்டாவது வரிசை எண்ணெய்ப் பாதைக்கு. சுவிட்சைப் பலகை விளிம்பில் பதித்து, ஒரு சிறு குடிசையாலோ தேயிலைச் செடி நிரையாலோ மறைத்துவிடலாம். குறைந்த செலவில் இதைவிட நம்பகமான ஏற்பாடு எனக்குத் தெரியாது.

கைக்கெட்டாத தூரத்துப் பொயின்டுக்கு சுருள் மோட்டார் போடலாம். பெக்கோ பிஎல்-10 இந்த வகை. இரண்டு சுருள், எதற்கு மின்சாரம் கொடுக்கிறோமோ அது நடுவிலுள்ள இரும்புத் தண்டை டக்கென்று தன் பக்கம் இழுக்கும். சுருளின் தடை சில ஓம் மட்டுமே. 4 ஓம் என்று வைத்துக்கொண்டால் 19 வோல்ட்டில் 4.75 அம்பியர், அதாவது 90 வற். ஒரு கணத்துக்கு அது சரி. பொத்தான் சிக்கி சில விநாடி நின்றால் சுருள் கருகிவிடும். ஆகவே சாதாரண சுவிட்சை இதற்குப் போடவே கூடாது. அழுத்தி விட்டதும் திரும்பும் பொத்தான் மட்டுமே.

அதைவிடப் பாதுகாப்பானது, மின்சாரத்தைச் சேர்த்துவைத்து ஒரே வீச்சில் கொடுக்கும் பெட்டி. பழைய லெப்டொப் அடப்டர் 19 வோல்ட் நேரோட்டம் கொடுக்கும். அதன் நேர் வயரில் 100 ஓம், 5 வற் தடையி ஒன்று. அடுத்து 4700 மைக்ரோபரட், 35 வோல்ட் கொள்ளளவி; கடையில் கெப்பாசிட்டர் என்று கேளுங்கள். அதன் நேர்க்காலிலிருந்து பொத்தான்களுக்கு, பொத்தானிலிருந்து சுருளுக்கு, சுருளிலிருந்து அடப்டரின் மறை வயருக்கு. நிரம்பிய கொள்ளளவியில் ஏறக்குறைய 0.85 ஜூல் சக்தி இருக்கும். ஒரு பொயின்டைத் தள்ள அது தாராளம். மறுபடி நிரம்ப இரண்டரை விநாடி எடுக்கும், அதற்குள் அடுத்த பொத்தானை அழுத்தாதீர்கள். பொத்தான் சிக்கிக்கொண்டாலும் தடையியைத் தாண்டி வருவது 0.2 அம்பியருக்கும் குறைவு, சுருளுக்கு ஒன்றும் ஆகாது. தடையி மட்டும் சுடும். அதனால்தான் 5 வற் கேட்கிறோம். கொள்ளளவியின் நேர், மறை மாறினால் வெடிக்கும். அடப்டரைக் கழற்றிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சுருள் மோட்டாரோடும் முனைக்கான சுவிட்ச் அவசியம். மோட்டாரின் அடியில் பொருத்தும் துணை சுவிட்ச் தனியாகக் கிடைக்கும்.

இளைஞர்கள் அதிகம் விரும்புவது செர்வோ. எஸ்ஜி90 என்ற நீல நிறக் குட்டி மோட்டார், ஆர்டுயினோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் பலகை, கொஞ்சம் புரோகிராம். கொழும்புப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லிவிட்டால் வாங்கிவரலாம். நாக்கு மெல்ல நகர்ந்து ஒட்டுவதைப் பார்க்க உண்மையாகவே லீவர் இழுத்ததுபோல் இருக்கும். செர்வோவுக்கு 5 வோல்ட் அடப்டரைத் தனியாகக் கொடுங்கள். ஆர்டுயினோவின் வழியாகக் கொடுத்தால் மோட்டார் அசையும்போது புரோகிராம் முதலிலிருந்து தொடங்கிவிடக்கூடும். பொயின்டுக்குள் இருக்கும் சிறு ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் செர்வோ அதனோடு மல்லுக்கட்டும். செர்வோவின் கை தட்டும்படி ஒரு மைக்ரோ சுவிட்சைப் பக்கத்தில் பொருத்தினால் முனையின் பிரச்சினையும் தீர்ந்தது. ஒரு குறை: மின்சாரம் போய்த் திரும்பும்போது செர்வோ ஒரு தடவை துள்ளும். எங்கள் பக்கத்தில் மின்சாரம் போய்வருவது வழக்கம் என்பதால் பொயின்டின்மேல் ரயிலை நிறுத்திவைக்காதீர்கள்.

வயரும் ஈயமும்

பலகையின் அடியில் இரண்டு தடித்த வயர்கள், சிவப்பும் கறுப்பும், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஓட வேண்டும். 32 இழை, ஒவ்வொன்றும் 0.2 மில்லிமீற்றர் என்ற வகை போதும். அது 1 சதுர மில்லிமீற்றர் செம்பு. ஐந்து மீற்றர் போய்த் திரும்பினாலும் 3 அம்பியரில் அரை வோல்ட்தான் இழப்பு. ஏழு இழை மெல்லிய வயரை அதே தூரத்துக்கு இழுத்தால் இழப்பு இரண்டு வோல்ட்டைத் தாண்டும். சுருள் மோட்டாருக்கு மெல்லிய வயர் போட்டு “மோட்டார் இழுக்கவில்லை” என்பவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும். மெல்லிய வயர் தண்டவாளத்திலிருந்து தடித்த வயருக்கு இறங்கும் கையளவு தூரத்துக்கு மட்டும்.

ஈயப்பற்று வைக்கும்போது தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, தண்டவாளத்திலும் வயர் நுனியிலும் முதலில் தனித்தனியே ஈயம் பூசுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து சூட்டுக்கோலை இரண்டு விநாடி தொட்டு எடுங்கள். அதற்கு மேல் வைத்தால் பிளாஸ்டிக் சிலிப்பர் கட்டை உருகும். பற்று மினுமினுப்பாக இருந்தால் நல்லது. சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று இருந்தால் குளிர்ந்த பற்று, அடுத்த மழைக்குக் கழன்றுவிடும்.

வீட்டு மின்சாரம், மழை, இடி

லக்சபான நீர்மின் நிலையம் 1950ல் இயங்கத் தொடங்கியது. தலவாக்கலையில் மேல் கொத்மலை 2012ல் வந்தது. நாட்டுக்கே வெளிச்சம் கொடுக்கும் தண்ணீர் நம் மலைகளிலிருந்து இறங்குகிறது. அந்த மின்சாரத்தைப் பிள்ளைகள் கையால் தொட்டு, பயமில்லாமலும் மரியாதையோடும் படிக்க மாதிரி ரயில் நல்ல வழி. தொட வேண்டியது 12 வோல்ட்டை. வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட் அடப்டரோடு நின்றுவிட வேண்டும். அடப்டரைத் திறக்காதீர்கள், வயரை வெட்டி ஒட்டாதீர்கள், பலகையின் அடியில் 230 வோல்ட் வயர் எதுவும் ஓடக் கூடாது. லயன் அறைகளில் பழைய வயரிங் இருக்குமானால் முதலில் வீட்டின் டிரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் எலக்ட்ரீஷியனை அழைத்துச் சரிசெய்த பிறகே ரயில். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி முழங்கத் தொடங்கினால் அடப்டரைச் சொக்கட்டிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

ஈரத்துக்கு மருந்து: தண்டவாளத்தின் மேற்பரப்பை ஐசோபுரோபைல் அற்ககோல் தொட்ட துணியால் துடைப்பது. உப்புத்தாள் கூடாது, அது போடும் கீறலில் அழுக்கு இன்னும் நன்றாகப் பிடிக்கும். ப்ளைவுட்டின் அடிப்பக்கத்துக்கும் வெட்டுமுனைகளுக்கும் வார்னிஷ் அடியுங்கள். அடிக்காவிட்டால் பலகை மழையில் ஊறி நெளியும், ஜொயினரில் இடைவெளி விழும்.

ரயிலை ஏற்றும் முன்

கண்ட்ரோலரைக் கழற்றிவிட்டு மல்ரிமீற்றரை பீப் சத்தத்தில் வையுங்கள். பொயின்ட் நேரே இருக்கும்போது முனைக்கும் கறுப்புத் தண்டவாளத்துக்கும் இடையே பீப் வர வேண்டும், சிவப்புக்கு வரக் கூடாது. திருப்பினால் தலைகீழாக வேண்டும். மூன்று பொயின்டையும் எல்லாச் சேர்க்கையிலும் வைத்துப் பாருங்கள். எட்டு விதம் வரும். எதிலும் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே பீப் வரக் கூடாது.

பிறகு ஒரு பாதுகாப்பு. நேரோட்டத்தில் ஓட்டுகிறவர்கள் த்ரீவீலருக்குப் போடும் 12 வோல்ட், 21 வற் பிரேக் பல்ப் ஒன்றைக் கண்ட்ரோலரிலிருந்து வரும் சிவப்பு வயரின் நடுவே தொடராக இணையுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் பல்ப் எரியாது, எரிந்தாலும் மங்கலாகவே தெரியும். எங்கேயாவது ஷோர்ட் ஆனால் பல்ப் பளிச்சென்று எரியும். போகும் மின்சாரம் 1.75 அம்பியரைத் தாண்டாது. எதுவும் கருகாது, தவறு எந்தப் பொயின்டில் என்று நிதானமாகத் தேடலாம். முனையின் இரண்டு வயரையும் மாற்றிப் போட்டிருந்தாலும் பல்ப் சொல்லிவிடும். அப்போது சுவிட்சின் இரண்டு மாற்றுக்கால் வயர்களையும் இடம் மாற்றினால் வேலை முடிந்தது.

மூன்று பொயின்டையும் ஒரே இரவில் முடிக்கப் பார்க்காதீர்கள். ஹட்டன் பக்கப் பொயின்டை மட்டும் சுவிட்ச், ஜொயினர், ஈயப்பற்று எல்லாம் சேர்த்து முழுதாக முடியுங்கள். உங்களிடம் இருப்பதிலேயே சின்ன என்ஜினை, கண்ட்ரோலர் அனுமதிக்கும் மிகக் குறைந்த வேகத்தில் அதன்மேல் ஊரவிடுங்கள். ஒரு மழைக்காலம் முழுக்க அது நிற்காமல் ஓடினால் மற்ற இரண்டையும் அதே மாதிரி செய்யுங்கள்.